விரல் நுனியில் விழிகள்

வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் நீண்ட பயணம் செல்லும் ஓட்டுநர்கள் சிலர், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் ஸ்டீரிங்கில் உள்ள ஒரு பொத்தானை அழுத்துவர். பிறகு, முடுக்கி மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவர். ஆயினும் மகிழுந்தின் வேகம் குறையாது, கூடவும் செய்யாது. மேட்டில் ஏறும்போதும் சமவெளியில் ஓடும்போதும் அதே வேகத்தில் சீராகச் செல்லும். ஓட்டுநர் பிரேக்கை இலேசாக மிதித்ததும் அந்தக் கட்டுப்பாடு விலகி, வாகனம் மீண்டும் அவர் காலுக்கு அடங்கும். குரூஸ் கண்ட்ரோல் எனப்படும் இந்த வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இன்று பெரும்பாலான புதிய மகிழுந்துகளில் இடம்பெற்றுள்ளது.

இக்கருவியைப் பயன்படுத்தும் கோடிக்கணக்கானோரில் பலருக்கு ஒரு செய்தி தெரியாது. இதை வாகனங்களுக்கு ஏற்றவாறு உருவாக்கித் தந்தவர் பார்வையற்றவர். அமெரிக்கச் சாலைகளில் மகிழுந்துகள் பெருகுவதற்கு முன்பே கண்ணொளியை இழந்துவிட்டவர். அவர் பெயர் ரால்ஃப் டீட்டர்.

ரால்ஃப் டீட்டர் 1890ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17ஆம் நாள், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் உள்ள ஹேகர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் தந்தை ஜான் டீட்டர். டீட்டர் குடும்பத்தார் கைத்தொழிலில் கரைகண்டவர்கள். ரால்ஃபின் பெரியப்பா, சித்தப்பா, அவர்தம் பிள்ளைகள் எனப் பலரும் ஒன்றுகூடி ஒரு தொழிற்கூடத்தை நடத்தி வந்தனர். இரயில் தண்டவாளங்களைச் சோதிக்கச் செல்லும் பணியாளர்களுக்காக, தண்டவாளத்தின் மீதே ஓடக்கூடிய மிதிவண்டிகளை அவர்கள் தயாரித்தனர். இரும்பைக் காய்ச்சும் உலையும், கடைசல் இயந்திரமும், எண்ணெய் மணமும், சம்மட்டி ஓசையும் அக்குடும்பத்தின் அன்றாட வாழ்வோடு கலந்திருந்தன. நடக்கத் தொடங்கிய வயதிலேயே சிறுவன் ரால்ஃப் அந்தச் சூழலில் வளர்ந்தான்.

அவனுக்கு ஐந்து வயதானபோது அந்தக் குடும்பத்தின் மீது இடி விழுந்தது. ஒரு நாள் அவன் கையில் வைத்திருந்த கத்தி நழுவி அவனுடைய ஒரு கண்ணைத் தாக்கியது. அந்தக் கண்ணைக் காப்பாற்ற இயலவில்லை. துன்பம் அத்தோடு நிற்கவில்லை. ஒரு கண்ணில் ஆழமான காயம் ஏற்பட்டால், நோயை எதிர்க்க வேண்டிய உடலின் தற்காப்பு ஆற்றலே சில வேளைகளில் நல்ல கண்ணையும் தாக்கிவிடும். ரால்ஃபுக்கும் அந்த நிலை ஏற்பட்டது. ஓராண்டுக்குள் மறு கண்ணின் பார்வையும் போய்விட்டது. அதனைத் தடுக்கும் மருந்து அக்காலத்தில் இல்லை. ஆறு வயது நிரம்புமுன் அவனுடைய உலகம் முழுவதுமாக இருண்டுபோனது.

பெற்றோரின் நெஞ்சம் எவ்வளவு துடித்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால், அவர்கள் தங்கள் துயரத்தை மகன் தலையில் சுமத்தவில்லை. அவனை ஒரு மூலையில் உட்கார வைத்துப் பரிதாபப்படவும் இல்லை. பார்வை இருந்தபோது அவனை எவ்வாறு நடத்தினார்களோ, அவ்வாறே தொடர்ந்து நடத்தினார்கள். வீட்டில் உள்ளவர்கள் அவனது குறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளோடு ஊர்ப் பள்ளிக்கே சென்று அவன் படித்தான். குறிப்பாக, தொழிற்கூடத்தின் கதவு அவனுக்கு ஒருபோதும் அடைக்கப்படவில்லை.

கூரிய கருவிகளும் சுழலும் சக்கரங்களும் நிறைந்த இடத்திற்குப் பார்வையற்ற மகனை அனுப்பப் பெற்றோருக்கு எத்துணைத் துணிவு வேண்டும்! அதுவும், ஒரு கத்தியினால்தான் அவன் கண்ணை இழந்தான் என்பதை அவர்கள் மறந்திருக்க முடியாது. எனினும், அச்சத்தின் பேரால் மகனின் கைகளைக் கட்டிப்போட அவர்கள் விரும்பவில்லை. அந்த முடிவே ரால்ஃபின் வாழ்க்கையை மாற்றியமைத்தது.

தொழிற்கூடத்தில் ரால்ஃப் ஒவ்வொரு பொருளையும் தொட்டுத் தடவிப் பார்த்தான். ஓர் இரும்புத் துண்டின் விளிம்பு கூராக உள்ளதா, மழுங்கியுள்ளதா என்பதை விரல் நுனி அவனுக்குச் சொன்னது. ஓர் இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறதா, எங்கேனும் உரசுகிறதா என்பதைக் காது சொன்னது. தொட்டும் கேட்டும் அறிந்தவற்றையெல்லாம் இணைத்து, அந்தப் பொருளின் முழு வடிவத்தையும் அவன் மனக்கண்ணில் வரைந்துகொண்டான். நாளடைவில் கடைசல் இயந்திரத்தை இயக்குவது அவனுக்குக் கைவந்த கலையாயிற்று.

பன்னிரண்டு வயதில், உறவினர் மகனோடு சேர்ந்து அவன் ஒரு மகிழுந்தையே செய்துவிட்டான். பெட்ரோலில் ஓடிய அந்தச் சிறு வாகனம் மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகம்வரை செல்லக்கூடியதாக இருந்தது. அது 1902ஆம் ஆண்டு. மகிழுந்து என்றால் என்னவென்றே பல ஊர்களில் அறியாத காலம். குதிரை வண்டிகள் ஓடிய ஊரில், பார்வையற்ற சிறுவன் ஒருவன் தன் கையால் செய்த வாகனம் புழுதி பறக்க ஓடியது.

பள்ளிப் படிப்பை முடித்ததும் ரால்ஃப் பொறியியல் படிக்க விரும்பினார். அங்கேதான் முதல் பெரும் தடை எழுந்தது. அவர் கேட்ட இடங்களில் கதவுகள் சாத்தப்பட்டன. வரைபடத்தைப் பார்க்க இயலாத ஒருவர் பொறியியல் வரைபடத்தை எப்படிப் புரிந்துகொள்வார்? கரும்பலகையைக் காண முடியாதவர் கணக்கை எப்படிச் செய்வார்? கேள்விகளில் நியாயம் இருப்பதாகவே பலருக்கும் தோன்றியது. ஆனால், ரால்ஃபின் கைகளுக்கு என்ன தெரியும் என்பதை அந்த அதிகாரிகள் அறிந்திருக்கவில்லை.

அப்போது அவருக்குத் தோள்கொடுத்தவர் அவருடைய உறவினரான நீவா டியர்டார்ஃப் என்னும் பெண். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த அவர், ரால்ஃபுக்கு ஒரு வாய்ப்புத் தருமாறு அங்குள்ளவர்களிடம் எடுத்துரைத்தார். பல்கலைக்கழகமும் இறுதியில் இணங்கியது. விரிவுரைகளைக் கூர்ந்து கேட்டும், பாடநூல்களைப் பிறர் படிக்கச் செவிமடுத்தும் ரால்ஃப் கற்றார். மற்ற மாணவர்கள் தாளில் எழுதிப் போட்ட கணக்குகளை அவர் நினைவில் நிறுத்திப் போட வேண்டியிருந்தது. ஒரு வரியை மறந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவர் சலிக்கவில்லை. 1912ஆம் ஆண்டு இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்று ஊர் திரும்பினார்.

குடும்பத் தொழிற்கூடம் அப்போது மகிழுந்து இயந்திரங்களைத் தயாரிக்கும் நிறுவனமாக வளர்ந்திருந்தது. ரால்ஃப் அங்கே பொறியாளராகப் பணியாற்றினார். சில ஆண்டுகளில் முதல் உலகப் போர் மூண்டது. அமெரிக்கக் கடற்படைக்கு விரைந்து செல்லும் போர்க்கப்பல்கள் தேவைப்பட்டன. நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரில் இருந்த கப்பல் கட்டும் தளத்தில் அவற்றைக் கட்டும் பணி நடைபெற்றது. அங்கே ஒரு சிக்கல் எழுந்தது.

அந்தக் கப்பல்களை நீராவிச் சுழலிகள் இயக்கின. சுழலியின் நடுவே மிகுந்த எடையுள்ள உருளை ஒன்று அதிவேகமாகச் சுழலும். அதன் எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சிறிதளவு கனமாக இருந்தாலும் உருளை அதிரத் தொடங்கும். வேகம் கூடக் கூட அதிர்வும் கூடும். முடிவில், அதைத் தாங்கும் பாகங்கள் தேய்ந்து சுழலியே பாழாகிவிடும். நடுக்கடலில் அவ்வாறு நேர்ந்தால் கப்பலில் உள்ளவர்களின் கதி என்னாவது? அவ்வளவு பெரிய உருளையில் எந்த இடத்தில் எடை மிகுந்துள்ளது என்பதைக் கண்டறிவது எளிதன்று.

ரால்ஃப் டீட்டரின் விரல்கள் அங்கே கைகொடுத்தன. மற்றவர்கள் உணர முடியாத மெல்லிய அதிர்வையும் அவர் தொட்டு உணர்ந்தார். அதிர்வு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது என்பதைக் கணித்தார். அதன் அடிப்படையில் உருளைகளைச் சமன்செய்யும் முறை ஒன்றை 1918ஆம் ஆண்டு வகுத்துத் தந்தார். பார்வையற்றவர் பொறியாளராக முடியுமா என்று ஐயுற்றவர்களுக்கு, பதில் சொல்ல வேண்டிய தேவையே இனி அவருக்கு இருக்கவில்லை.

போர் முடிந்ததும் அவர் ஹேகர்ஸ்டவுனுக்குத் திரும்பினார். குடும்ப நிறுவனம் பிஸ்டன் வளையங்களைத் தயாரிப்பதில் கவனம் செலுத்தியது. இயந்திர உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். பிஸ்டனுக்கும் உருளையின் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளியை மெல்லிய உலோக வளையங்கள் அடைக்கின்றன. வளையம் சரியான வட்டமாக இல்லாவிட்டால் எரிந்த வாயு கசியும், இயந்திரத்தின் ஆற்றல் குறையும், எண்ணெயும் வீணாகும். சரியான வட்டம் என்னும் பொருள்தரும் பெர்ஃபெக்ட் சர்க்கிள் என்பதே அந்நிறுவனத்தின் பெயராயிற்று. ரால்ஃப் அதன் பொறியியல் பிரிவை வழிநடத்தி, 1946ஆம் ஆண்டு நிறுவனத்தின் தலைவரானார். அதற்கு முன்பே, 1936ஆம் ஆண்டில், அமெரிக்க வாகனப் பொறியாளர் கழகம் அவரைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்துச் சிறப்பித்திருந்தது. ஒரு காலத்தில் பொறியியல் வகுப்பில் இடம் கிடைக்காமல் அலைந்தவர், நாட்டின் வாகனப் பொறியாளர்களுக்கே தலைவரானார்.

1922ஆம் ஆண்டு ரால்ஃப் திருமணம் செய்துகொண்டார். அவருக்கு ஒரு மகள் பிறந்தார். பின்னாளில் தந்தையின் வாழ்க்கை வரலாற்றை நூலாக எழுதியவர் அந்த மகளே. ரால்ஃப் தம் குறையைக் காட்டிப் புகழ் தேடவில்லை. பிறர் இரக்கத்தையும் எதிர்பார்க்கவில்லை. தம்மை ஒரு பொறியாளராக மட்டுமே மற்றவர்கள் மதிக்க வேண்டும் என அவர் விரும்பினார்.

அவருக்கு உலகப் புகழைத் தேடித்தந்த கண்டுபிடிப்பு ஒரு சாதாரணப் பயணத்தில் உதித்ததாகச் சொல்வர். ரால்ஃபால் மகிழுந்து ஓட்ட இயலாது. எனவே, எங்கே செல்ல வேண்டுமானாலும் மற்றவர் ஓட்ட, அவர் அருகில் அமர்ந்து செல்வார். அவருடைய காப்புரிமை வழக்கறிஞர் ஒருவருக்கு விந்தையான பழக்கம் ஒன்று இருந்தது. மகிழுந்தை ஓட்டிக்கொண்டே பேசும்போது அவர் வேகத்தைக் குறைத்துவிடுவார். ரால்ஃப் பேச, அவர் கேட்கும்போது வேகத்தைக் கூட்டிவிடுவார். உரையாடல் நீள நீள, வாகனமும் முன்னும் பின்னும் குலுங்கிக்கொண்டே செல்லும்.

கண்ணால் சாலையைக் காண்பவர்கள் இந்தச் சிறு குலுக்கத்தைப் பெரிதாக எண்ணமாட்டார்கள். மரங்களும் வீடுகளும் அவர்கள் கவனத்தை ஈர்த்துவிடும். ரால்ஃபுக்கோ பயணம் என்பதே உடலால் உணரும் அதிர்வுதான். ஒவ்வொரு முறை வேகம் கூடும்போதும் இருக்கை முதுகைத் தள்ளுவதை அவர் உணர்ந்தார். ஒவ்வொரு முறை குறையும்போதும் உடல் முன்னே சாய்வதை உணர்ந்தார். ஓட்டுநரின் கால் தடுமாறினாலும் வாகனத்தின் வேகம் தடுமாறாமல் இருக்க வழியில்லையா? இந்தக் கேள்வி அவர் மனத்தில் வேரூன்றியது.

இரண்டாம் உலகப் போர் அந்தக் கேள்விக்கு மேலும் வலுச் சேர்த்தது. அப்போது உலகின் இரப்பரில் பெரும்பகுதி மலாயாவிலிருந்தும் அதன் அண்டை நாடுகளிலிருந்தும் சென்றது. மலாயாவின் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலாயா ஜப்பானியர் வசமானது. அமெரிக்காவிற்குச் செல்ல வேண்டிய இரப்பர் தடைப்பட்டது. மகிழுந்துச் சக்கரங்கள் விரைவில் தேய்ந்துபோகாமல் காக்க, நாடு முழுவதும் மணிக்கு 35 மைல், அதாவது ஏறத்தாழ 56 கிலோமீட்டர் என்னும் வேக வரம்பு விதிக்கப்பட்டது. நீண்ட சாலையில் அந்த வரம்பைத் தாண்டாமல் ஒரே சீராக ஓட்டுவது பலருக்கும் கடினமாக இருந்தது. மலாயாத் தோட்டங்களில் நேர்ந்த மாற்றம், கடல் கடந்து அமெரிக்க ஓட்டுநர்களின் காலடிவரை எட்டியது. வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் கருவியின் தேவை வெள்ளிடைமலையாயிற்று.

ரால்ஃப் தம் பட்டறையில் அக்கருவியை உருவாக்க முனைந்தார். இயந்திரத்தின் வேகத்தைச் சீராக்கும் எண்ணம் புதியதன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஜேம்ஸ் வாட் தம் நீராவி இயந்திரத்தில் அத்தகைய சீராக்கி ஒன்றைப் பொருத்தியிருந்தார். சுழலும் தண்டோடு இணைந்த இரு குண்டுகள், வேகம் கூடும்போது விலகி விரியும். வேகம் குறையும்போது நெருங்கி வரும். அந்த அசைவு நீராவியின் அளவைக் கூட்டிக் குறைக்கும். ஆனால், ஓரிடத்தில் நிற்கும் இயந்திரம் வேறு. மேடு பள்ளங்களில் விரையும் மகிழுந்து வேறு. மகிழுந்தில் ஓட்டுநரின் பாதுகாப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ரால்ஃபின் கருவி இவ்வாறு இயங்கியது. ஓட்டுநர் தமக்கு வேண்டிய வேகத்தை முன்பலகையில் உள்ள ஒரு திருகியில் குறித்துவைப்பார். அது ஒரு சுருள்வில்லின் இறுக்கத்தை மாற்றும். சக்கரங்களைச் சுழற்றும் தண்டோடு ஒரு சீராக்கி இணைக்கப்பட்டிருந்தது. மகிழுந்து குறித்த வேகத்தை எட்டியதும், சீராக்கியின் விசை சுருள்வில்லின் விசையை வென்றுவிடும். உடனே, இயந்திரம் உறிஞ்சும் காற்றினால் உண்டாகும் வெற்றிடத்தின் ஆற்றலைக் கொண்டு ஒரு பிஸ்டன் நகரும். அது முடுக்கி மிதியை ஓட்டுநரின் காலுக்கு எதிராகத் தள்ளும். வேண்டிய வேகம் வந்துவிட்டது என்பதை ஓட்டுநர் வேகமானியைப் பார்க்காமலேயே பாதத்தால் உணர்ந்துகொள்வார். அவசரத்தில் வேகம் கூட்ட வேண்டுமானால், அந்த எதிர்ப்பை மீறி அழுத்தமாக மிதித்தால் போதும்.

இந்த அமைப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. செய்தியைக் கண்ணுக்குச் சொல்லாமல் காலுக்குச் சொல்லும் கருவி அது. பல்லாண்டுகளாகத் தொடு உணர்வையே நம்பி வாழ்ந்தவர், அதே உணர்வைப் பார்வையுள்ள ஓட்டுநர்களுக்கும் பயன்படுமாறு செய்தார்.

கருவி ஒரே நாளில் உருவாகிவிடவில்லை. செய்து பார்ப்பதும், பொருத்தி ஓட்டச் சொல்லிச் சோதிப்பதும், குறை கண்டு கழற்றித் திருத்துவதுமாக ஆண்டுகள் பல கழிந்தன. 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22ஆம் நாள் அதற்கான காப்புரிமை வழங்கப்பட்டது. அப்போது ரால்ஃபுக்கு வயது அறுபது. அதற்குப் பின்னும் அவர் ஓய்வெடுக்கவில்லை. முடுக்கி மிதியைக் குறித்த வேகத்தில் தானே பிடித்துவைக்கும் அமைப்பும், பிரேக்கை மிதித்ததும் அந்தப் பிடி உடனே விலகும் ஏற்பாடும் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. அப்போதுதான் ஓட்டுநர் மிதியிலிருந்து காலை எடுக்க முடிந்தது.

கருவிக்குப் பல பெயர்கள் சூட்டப்பட்டன. இறுதியில் ஸ்பீடோஸ்டாட் என்னும் பெயர் நிலைத்தது. 1958ஆம் ஆண்டு கிரைஸ்லர் நிறுவனம் தன் உயர்ரக மகிழுந்துகள் சிலவற்றில் அதனைப் பொருத்திக் கொடுத்தது. அடுத்து, காடிலாக் மகிழுந்துகளிலும் அது இடம்பிடித்தது. அந்நிறுவனம் வைத்த குரூஸ் கண்ட்ரோல் என்னும் பெயரே இன்று உலகெங்கும் வழங்குகிறது. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டபோது எரிபொருளைச் சேமிக்கும் தேவை மிகுந்தது. வேகத்தை அடிக்கடி கூட்டிக் குறைக்காமல் சீராக ஓட்டினால் எரிபொருள் மிச்சமாகும். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் மணிக்கு 55 மைல், அதாவது ஏறத்தாழ 88 கிலோமீட்டர் வேக வரம்பும் நடப்புக்கு வந்தது. அதன் பின்னர் இக்கருவியை மக்கள் விரும்பி வாங்கினர்.

இன்றைய மகிழுந்துகளில் கணினியே இப்பணியைச் செய்கிறது. ஆனால், வெற்றிடத்தால் இயங்கும் கருவிகள் பல்லாண்டுகள் வழக்கில் இருந்தன. அத்தகைய பழைய மகிழுந்துகளைப் பேணுவோர் இன்றும் உள்ளனர். கருவி திடீரென வேலை செய்யாமல் போகும்போது அவர்கள் பெரும்பாலும் எளிய காரணங்களிலிருந்தே தேடலைத் தொடங்குவர். முதலில் மின்காப்பு உருகி எரிந்துள்ளதா என்று பார்ப்பர். அடுத்து, பிரேக் மிதியின் அருகே உள்ள விசையைச் சோதிப்பர். அந்த விசை இடம் மாறியிருந்தால், ஓட்டுநர் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பதாகக் கருவி எண்ணிக்கொள்ளும். வேகத்தைப் பிடித்துவைக்க மறுக்கும். ஓட்டுநரைக் காப்பதற்காக வைத்த ஏற்பாடு என்பதால், ஐயம் எழுந்தால் கருவி விலகி நிற்பதே சரி.

விசை சரியாக இருந்தால், வெற்றிடத்தைக் கொண்டுசெல்லும் இரப்பர்க் குழாய்களைச் சோதிப்பர். இயந்திரத்தின் வெப்பத்தில் பல்லாண்டுகள் கிடந்த இரப்பர் காய்ந்து வெடித்துவிடும். மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று போதும். வெளிக்காற்று உள்ளே புகுந்து வெற்றிடம் குறைந்துவிடும். அப்போது, மேடு ஏறும்போது வேகம் தளரும். அல்லது வேகம் நிலைகொள்ளாமல் ஏறி இறங்கும். குழாய்கள் நன்றாக இருந்தால், மிதியை இழுக்கும் மெல்லிய இரப்பர்த் திரை கிழிந்துள்ளதா, இணைப்புக் கம்பி தளர்ந்துள்ளதா, வேகமானிக்குச் செல்லும் கம்பி அறுந்துள்ளதா என ஒவ்வொன்றாகப் பார்ப்பர். ஒன்றை உறுதிசெய்த பின்னரே அடுத்ததற்குச் செல்வர். இவ்வேலையை அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரிடம் விடுவதே பாதுகாப்பானது. பழுது நீங்கும்வரை அக்கருவியைப் பயன்படுத்தாமல் இருப்பதே அறிவுடைமை.

இந்தப் பழுதுகளில் பல கண்ணுக்கு எளிதில் தென்படுவதில்லை. வெடிப்பு, குழாயின் அடிப்பக்கத்தில் மறைந்திருக்கும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, குழாய் நெடுகிலும் விரலை மெல்ல ஓட்டினால் அது தட்டுப்படும். காற்று உறிஞ்சப்படும் மெல்லிய சீற்றத்தைக் காது கேட்டுச் சொல்லும். தளர்ந்த இணைப்பை ஓர் அசைப்பில் கை உணர்ந்துவிடும். தேர்ந்த பழுதுபார்ப்பவர்கள் தொட்டும் கேட்டும்தான் பாதி வேலையை முடிக்கின்றனர். ரால்ஃப் டீட்டர் ஹேகர்ஸ்டவுன் தொழிற்கூடத்தில் சிறுவனாகக் கற்றுக்கொண்டதும் இதையே. சுழலி உருளையின் குறையை அவர் கண்டறிந்ததும் இம்முறையிலேதான்.

ரால்ஃப் டீட்டர் 1982ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 15ஆம் நாள், தாம் பிறந்த ஹேகர்ஸ்டவுனிலேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 91. அவர் மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1988ஆம் ஆண்டு, அமெரிக்க வாகனத் துறைச் சான்றோர் மன்றத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. பொறியியல் கற்பிக்கும் இளம் ஆசிரியர்களுக்காக வாகனப் பொறியாளர் கழகம் வழங்கும் விருது ஒன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பொறியியல் வகுப்பில் நுழையத் தாம் பட்ட பாட்டை அவர் அறிவார். அந்த வகுப்புகளை நடத்துவோருக்கான விருது அவர் பெயரில் அமைந்தது மிகவும் பொருத்தமே.

ரால்ஃப் டீட்டரின் வாழ்வில் கத்தி நழுவிய அந்த ஒரு நொடியை யாராலும் மாற்றியிருக்க முடியாது. ஆனால், அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் மனிதர்களின் முடிவுகளே. மகனைத் தொழிற்கூடத்திற்கு அனுப்பலாம் என்று பெற்றோர் முடிவெடுத்தனர். அவருக்காகப் பேச வேண்டும் என்று உறவினர் ஒருவர் முடிவெடுத்தார். ஒரு வாய்ப்புத் தரலாம் என்று ஒரு பல்கலைக்கழகம் முடிவெடுத்தது. கிடைத்த வாய்ப்பை வீணாக்கக் கூடாது என்று அவரும் முடிவெடுத்தார். இவற்றுள் ஒன்று தவறியிருந்தாலும், அந்த விரல்களின் திறமை வெளியே தெரியாமலேயே போயிருக்கும்.

நெடுஞ்சாலையில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் காலை எடுக்கும் ஓட்டுநர், சாலையைக் கண்ணால் பார்த்துக்கொண்டு செல்கிறார். அந்தச் சாலையில் அவரைச் சீராக அழைத்துச் செல்லும் கருவியோ, சாலையைக் காண இயலாத ஒருவரின் மனக்கண்ணில் முதலில் உருவானது.